கூட்டுக்கு முன்னால் இருந்த இலைகள்

மார்ச் 14, சனி

காலை பனி. எட்டரைக்கு மேல் நல்ல வெயில்.

பின்பக்க மண்மேட்டருகே இருந்தவர்கள்: நான். டெல்பின் (என் கணவரின் தங்கை, புதுக் கமரா, புதுத் தொப்பி). மாஸ்டர் (கோயில் பறவைக் குழுவை நடத்துபவர், ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர்). புஷ்பம் (தெல்தோட்டையிலிருந்து புல் வெட்ட வருகிறவள், வெள்ளி டெல்பின் வீடு, சனி எங்கள் வீடு). இவர் இல்லை. வாசலில் வாகனம் கழுவினார்.

மேட்டுப் பொந்தில் நீல ஈப்பிடிப்பான் கூடு. இனி நீ.ஈ. என்று எழுதுவேன். குஞ்சு மூன்று, கண் திறக்கவில்லை. அம்பிட்டியவில் இதன் கூட்டை நான் பார்ப்பது முதல் தடவை. முன்னால் பன்னச் செடியின் இலைகள் கூட்டை மறைத்துத் திரை மாதிரி தொங்குகின்றன.

மாஸ்டர் என் கமராவை வாங்கிப் பார்த்தார். "பூரா இலையா இருக்கே. குருவி எங்க?"

டெல்பின்: "அண்ணி கீரைதான் எடுத்திருக்காங்க மாஸ்டர். குருவி அதுல தவறி விழுந்துருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். புஷ்பமும். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

ஈஸ்டருக்குக் கோயில் மண்டபத்தில் படக் கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம். மாஸ்டர்தான் தெரிவு.

அவர்கள் போன பிறகு புஷ்பம் கத்தியோடு மேட்டுப் பக்கம் போனாள். அங்கே தொடாதே என்றேன். "தெரியும்மா. குஞ்சு இருக்கில்ல. மறைப்பு போச்சுன்னா காக்கா, செண்பகம் எல்லாம் வந்து தின்னுரும்."

மார்ச் 15, ஞாயிறு

தவக்காலம் நான்காம் ஞாயிறு. பிரசங்கம் காதில் ஏறவில்லை. ஷட்டர் வேகத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ.ஈ. தீனி, கா. 9 முதல் 10 வரை: ஆண் 9 தடவை, பெண் 11. பச்சைப் புழு, ஈ, ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி.

வலசை வந்த ஆறுமணிக்குருவி இன்னும் வடக்கே கிளம்பவில்லை. சத்தம் மட்டும், படம் இல்லை.

பி.ப. 2.30. கூட்டைப் படம் எடுக்க இலைகளை நூலால் கட்டி ஒதுக்க வேண்டும், எடுத்து முடித்ததும் அவிழ்த்துவிட வேண்டும். காணொளி பார்த்து நானாகப் படித்தது, நன்றாகத் தெரியும். நூல்கண்டும் கையில்தான் இருந்தது. கட்டினால் ஒரு பக்கம் நிழல் விழுகிறது. தையல் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். முதலில் ஒரு இலை. பிறகு மூன்று. பிறகு அடியோடு எல்லாம்.

ஆண் குருவியின் நீலம், நெஞ்சின் செம்மஞ்சள், மூன்று வாய். ஒரு இலைகூட இல்லை. இனி கீரை என்று சொல்லட்டும்.

வெட்டிய இலைகளைத் திரும்பச் சொருகி வைத்தேன். ஐந்து மணிக்குள் வாடிச் சுருண்டுவிட்டன.

மார்ச் 16, திங்கள்

கா. 6.50. செண்பகம். மேட்டின் மேல் நின்று நேரே கூட்டைப் பார்த்தது. சிவந்த கண்.

நான் சமையலறை ஜன்னலில். கமரா முக்காலியில், ஏற்கெனவே கூட்டுக்குக் குவித்து வைத்தபடி. கை தட்டினால் போதும், பறந்திருக்கும். தட்டவில்லை. விரல் ஷட்டரில் இருந்தது.

38 படம். முதல் குஞ்சை இழுக்கும்போது தாய்க் குருவி செண்பகத்தின் முதுகில் விழுந்து கொத்தியது. 17ஆவது படம், ஊசிமுனைத் தெளிவு. எட்டு நிமிஷத்தில் மூன்றும் முடிந்தது.

பிறகு பருப்பு வைத்தேன். இவருக்குச் சாப்பாடு கட்டினேன். செபமாலையை எடுத்தேன், முதல் மணியிலேயே வைத்துவிட்டேன்.

பெண் குருவி வாயில் புழுவோடு வந்து வெறும் பொந்தில் எட்டிப் பார்த்தது. மூன்று தடவை வரை எண்ணினேன். அதற்கு மேலும் வந்தது. எண்ணவில்லை.

மார்ச் 18, புதன்

17ஆவது படத்தைக் குழுவின் வட்ஸ்அப்பில் போட்டேன். மாஸ்டர்: "இத்தன வருஷத்துல இப்படி ஒண்ணு பார்க்கல்ல. கண்காட்சிக்கு இதுதான்." எல்லோரும் கைதட்டும் பொம்மைகள். டெல்பினிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை.

அவள் வயிறு எரிவதை நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், பிறகு இல்லையென்று சொல்லக்கூடாது.

இவர் படத்தைப் பார்த்து, "நீ பார்த்துக்கிட்டா இருந்த?" என்றார். தேங்காய் துருவப் போய்விட்டேன்.

மார்ச் 19, வியாழன்

மழை. துணி காயவில்லை.

டெல்பின் குழுவில் தன் சனிக்கிழமைப் படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறாள். "அண்ணி, இந்த இலையெல்லாம் எங்க போச்சு? ஆடு தின்னுருச்சா?"

மாஸ்டர்: "கூட்டு மறைப்ப வெட்டி எடுத்த படம் ஏலாது. வெட்டின ஆளும் குழுவுல இருக்க ஏலாது. யார் வெட்டினது?"

உடனே எழுதினேன்: "புல் வெட்டுகிற புஷ்பம் வெட்டிவிட்டாள். தெரியாமல் செய்துவிட்டாள், பாவம்."

பாவம் என்பதையும் நானாகத்தான் சேர்த்தேன். யாரும் சேர்க்கச் சொல்லவில்லை.

மார்ச் 21, சனி

புஷ்பம் வந்தாள். கத்தியைச் சாக்கிலிருந்து எடுக்கவில்லை.

"நேத்து டெல்பின் மிஸ் கேட்டுலயே நிப்பாட்டிட்டாங்கம்மா. குஞ்சு கொன்ன கையி எங்க வீட்டுப் புல்லுல படக்கூடாதுன்னாங்க. இனி வராதன்னாங்க. நான் எந்தக் குஞ்சம்மா கொன்னேன்?"

"அவ வாய் அப்படித்தான்" என்றேன். அதுதான் என் பதில்.

அவள் மேட்டுக்குப் போய்க் குந்தி, வெட்டுப்பட்ட தண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "கத்தி வெட்டு சரிவா இருக்கும்மா. இது கத்தரி." என் முகத்தைப் பார்த்தாள். "எம்பேரு எதுக்கும்மா?"

தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தேன். குடிக்கவில்லை. சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

இவர்: "விடு. புல்லு வெட்ட வேற ஆளா இல்ல?"

மார்ச் 27, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து பாவசங்கீர்த்தனம். எனக்கு முன்னால் ஏழு பேர். எல்லாவற்றையும் சொன்னேன், 38 என்ற எண்ணிக்கை உட்பட. சுவாமி கேட்டார்: "அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?" இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட முதல்ல ஏன் வந்தீங்க?"

மார்ச் 28, சனி

வெயில். புஷ்பம் வரவில்லை. புல் கணுக்கால் வரை.

கா. 8.05. குழுவில் எழுதினேன்: "வெட்டியது நான். செண்பகம் வந்தபோது விரட்டாமல் படம் எடுத்ததும் நான். புஷ்பம் தொடவேயில்லை."

8.20. மாஸ்டர் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

8.40. டெல்பின் தொலைபேசியில். "அதான் அன்னைக்கே தெரியுமே அண்ணி."

"தெரிஞ்சா அவள ஏன் நிப்பாட்டின?"

"நீங்க எத்தன நாளைக்கு வாய மூடிக்கிட்டு இருப்பீங்கன்னு பார்க்கத்தான். ஒன்பது நாள்." சிரித்தாள். "அவ இனி வேணாம். வேற ஆள் பேசியாச்சு."

தொலைபேசியை வைத்தேன். என்னைப் போல அவளும் ஒரு ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள்.

புஷ்பத்துக்கு மூன்று தடவை அழைப்பு எடுத்தேன். எடுக்கவில்லை. அனுப்பிய செய்தியை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"புஷ்பம், இலைய வெட்டினது நான். பழிய உம்மேல போட்டதும் நான். எல்லாருக்கும் எழுதிச் சொல்லிட்டேன். டெல்பின் வீட்டு வேலை திரும்பக் கிடைக்காது, அதுவும் என்னாலதான். எங்க வீட்டுக்கு வருவியா, வரமாட்டியா? எதுன்னாலும் சீக்கிரம் பதில் சொல்லு."