பெரிய கேபினெட்டே வேணும்

அப்பாவுக்கு,

நேர்ல கேட்டா அம்மா அழ ஆரம்பிச்சுடுவா. அதான் எழுதி உங்க பேப்பருக்குள்ள வெச்சிருக்கேன்.

தம்பானூர் கடைக்குப் போய் என் கம்ப்யூட்டர் ஆர்டரை யாரைக் கேட்டு மாத்தினேள்? "செறிய கேபினெட் மதின்னு சார் பறஞ்ஞல்லோ"ங்கறார் கடைக்காரர். கம்ப்யூட்டர் பாகமெல்லாம் வெக்கற பெட்டி சின்னதே போறும்னேளாம். நான் பார்த்துப் பார்த்து எடுத்த கிராபிக்ஸ் கார்டு அந்தச் சின்னதுக்குள்ள நுழையவே நுழையாது. அது இல்லாம கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் போடற என் வேலை நடக்காது. பட்ஜெட்டுக்காகக் கலர் லைட் வேண்டாம்னேன். ஆத்துல இருக்கற பழைய மானிட்டரே போறும்னேன். பிராசசர்கூட போன வருஷத்து மாடல்தான். இன்னும் எதைக் குறைக்கணும்?

நான் மாப்பிள்ளையாத்துக்குத் திரும்பிப் போறச்சே தூக்கிண்டு போக லேசா இருக்கணும்னு சொன்னேளாமே. கடைக்காரர்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது, என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா?

பெரிய கேபினெட்டையே மறுபடி சொல்லியாச்சு. சனிக்கிழமை வரும். என் ரூம்ல ஜன்னலோரம் அதுக்கு இடம் வேணும். நான் வந்த நாள்லேர்ந்து அம்மா பிரிக்கவிடாம அங்கேயே வெச்சிருக்கற சூட்கேசைப் பரண்ல ஏத்திடுங்கோ. கனக்காது. துணியெல்லாம் நேத்தே அலமாரியில அடுக்கிட்டேன்.

உங்க மூத்த பொண்ணு