பேய் எழுத்தில் வந்த கல்யாணப் பத்திரிகை

இன்று காலை பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிற வழியில், சுவரில் புதிதாய் ஒட்டியிருந்த நாடக நோட்டீஸைப் பார்த்து நின்றுவிட்டேன். பசை இன்னும் காயவில்லை. தலைப்பு, உங்கள் அச்சாபீஸின் அந்தப் பழைய மர அச்செழுத்து. நுனியில் குட்டிப் பாதம் வைத்தாற்போல நிற்கும் பெரிய எழுத்துகள். கரையான் தின்றதும் வெடித்து உதிர்ந்ததும் போக மிஞ்சியவை. பேய் நாடகம் என்றால் நாடகக் கம்பெனிக்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள் என்று சொல்வீர்கள். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அக்கா, "பார்க்கவே பயமா இருக்குலா" என்றார். எனக்கு அழுகை வந்தது. பேய் நோட்டீஸைப் பார்த்து அழுகிற பைத்தியம் பினாங்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நம் கல்யாணத்துக்கு முன் உங்கள் கூட்டாளிகள் செய்த வேலை நினைவிருக்கிறதா? அச்சாபீஸில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் கேலிக்கு ஒரு பத்திரிகை அடித்துத் தங்களுக்குள் சிரிப்பது அவர்கள் வழக்கம். உங்களுக்கு அந்தப் பேய் எழுத்திலேயே அடித்தார்கள். சிரித்து முடித்தவர்கள் அதைக் கிழித்துப் போட வேண்டாமா? பெண் வீட்டுக்கென்று வைத்திருந்த அசல் பத்திரிகைகளோடு சேர்த்துக் கட்டிவிட, அது நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பிரித்த அண்ணன் முகம் கறுத்துப் போயிற்று. "பேய் நோட்டீஸ் மாதிரி பத்திரிகை வருது. இந்தச் சம்பந்தம் வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சாயங்காலமே நீங்கள் வந்தீர்கள். மாப்பிள்ளை தனியாக வந்து பெண் வீட்டு வாசலில் நிற்பது எங்கேயாவது உண்டா? நகக்கண்ணில் மை கூடப் போகவில்லை. "கூட்டாளிங்க விளையாட்டுண்ணே. அது வெறும் கரையான் தின்ன கட்டை" என்றீர்கள். அண்ணன் பிடித்த பிடியை விடவில்லை. உள்ளே இருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "கரையான் தின்ன கட்டைக்குப் பயந்தா, இந்த ஊர்ல எந்தப் பலகை வீட்டுலண்ணே குடியிருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன், "அப்ப உன் இஷ்டம்" என்று விலகிக்கொண்டார். வாசலில் நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

போன மழையில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. காரியம் முடிந்த அன்று அண்ணன், "அந்தக் காகிதம் அன்னிக்கே சொல்லுச்சு. நீதான் கேக்கல" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னார். கெப்பாலா பத்தாஸ் ஊரில் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லி இன்னும் ஆள் அனுப்புகிறார். நான் போகவில்லை. ஒருத்திக்கு மட்டும் உலை வைக்கக் கை பழகவில்லை. தினமும் சோறு மிஞ்சுகிறது. படியில் காலடி கேட்டால், நீங்கள் இல்லை என்று தெரிந்தே எழுந்து நிற்கிறேன். பிறகு வெட்கமாக இருக்கிறது. பேச ஆளில்லாமல் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றால் யாரிடம் சொல்ல?

அண்ணனுக்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அது சகுனமாகவே இருந்திருக்கட்டும். நீங்கள் இவ்வளவு சீக்கிரம் போய்விடுவீர்கள் என்று அன்றைக்கே கொட்டை எழுத்தில் அச்சடித்து என் கையில் கொடுத்திருந்தாலும், முழுசாகப் படித்துவிட்டு உங்களையேதான் கட்டிக்கொண்டிருப்பேன்.