இதே வெயில்தான்

பண்பொழியில் உன் அம்மா வீட்டில் இருக்கும் உனக்கு,

கோடை மழை ஓய்ந்தது, இனி வெயில்தான் என்று செய்தியில் சொன்னதை நீயும் கேட்டிருப்பாய். அதை நம்பிச் சின்னவளைக் குற்றாலத்துக்குக் கூட்டி வராதே.

இன்று அருவிக்கரையில் ஒருவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுள்ளென்று வெயில். திடீரென்று தண்ணீர் செம்மண் நிறமாகி, சருகுகள் விழுந்தன. மலைக்கு மேலே மழை. "வெளிய வாங்க, வெள்ளம் வருது!" என்று குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினேன். "வெயிலடிக்குதே அண்ணாச்சி" என்று சிரித்தார்கள். கையைப் பிடித்து இழுத்துத்தான் கரையேற்றினேன்.

போன வருஷம் பெரியவனைத் தண்ணீர் கொண்டுபோன அன்றும் இதே வெயில்தான். என்னிடம் கேட்காமல் இறங்கினான் என்று உன்னிடம் சொன்னேன். அவன் கேட்டான். சருகைக்கூடக் காட்டினான்.

"வெயிலடிக்குதுலே, பயப்படாமக் குளி" என்றது நான்தான்.

மலை இன்னும் கறுத்தே கிடக்கிறது.

உன் பிள்ளைகளின் அப்பா