தாழை மிதக்கவில்லை

முத்துத்திட்டு வானொலி நிலையம், பணிப் பதிவேடு
எழுதுபவன்: தணிகாசலம், வானொலிப் பொறியாளன்

6 செப்டம்பர் 1962, காலை 05:40

ஜெனரேட்டர் ஓடுகிறது. டீசல் நாலு பீப்பாய். ஆன்டெனா சரி. கேபிள் குழியில் நண்டு புகுந்திருந்தது, துரத்திவிட்டேன். உதவியாளர் காய்ச்சலோடு நேற்றே படகேறிவிட்டார். தீவில் நான் மட்டும்தான்.

ஏழு மணிக்கு ராக்கெட். வடபுலக்காரர்கள் அடுத்த வாரம் விண்வெளிக்கு ஆள் அனுப்பப் போகிறார்களாம். அதற்குள் நம் தென்கடல் குடியரசு முந்த வேண்டும் என்று மேலிடம் குதியாய்க் குதிக்கிறது. பயிற்சிக்குப் போன விமானிகள் வாந்தி எடுத்தே ஓய்ந்துபோனார்கள். அதனால் மலைக்காட்டு இயக்கர் இனத்தில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குக் கால் தரையில் பாவாது, எப்போதும் ஒரு விரற்கடை மேலேதான். இரும்பு மட்டும் ஆகாது. அதனால் கலம் முழுக்க அலுமினியமும் செம்பும். இருக்கை தேக்கு, ஆணிக்குப் பதில் மர முளை வைத்து இழைத்தது.

அவள் பெயர் தாழை. உயிரோடு திரும்பினால் குடியுரிமை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது கிடைத்தால்தான் பதிவு அலுவலகத்தில் எங்கள் கல்யாணம் செல்லும். இதையெல்லாம் பணிப் பதிவேட்டில் எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன், போகட்டும்.

07:22. முதல் சுற்று

தலைக்கு மேல் கடக்க ஏழு நிமிஷம். குரல் தெளிவு.

"முத்துத்திட்டு, கேக்குதா? பென்சில் மிதக்குது. கையுறை மிதக்குது. நான் மட்டும் உக்காந்த இடத்துலயே கெடக்கேன்."

இருக்கை வாரை அவிழ்த்தாயா என்று கேட்டேன்.

"அவிழ்த்தாச்சு இன்ஜினியரே. இடுப்புக்குக் கீழ கல்லைக் கட்டின மாதிரி இருக்கு. பூமியிலயே நான் இப்படி உக்காந்ததில்ல."

தலைமையகம் குறுக்கிட்டது. "பதற வேண்டாம். ஓய்வெடுக்கவும்." அவள் பதறவே இல்லை. பதறியது நான்.

07:50

விஷயம் இதுதான். கீழே இறங்க இயந்திரத்தை மூட்டும் நெம்புகோல் கூரையில் இருக்கிறது. அவள் எப்படியும் மிதப்பாள், எழும்பி இழுப்பாள் என்று நம்பி அங்கே வைத்தோம். தானாக இயங்கும் கருவி வைக்க மேலிடம் நேரம் தரவில்லை. எழும்ப முடியாவிட்டால் இறங்க முடியாது. மூச்சுக்காற்று பிற்பகல் இரண்டு மணி வரைதான். ஒவ்வொரு சுற்றிலும் இந்தத் தீவைக் கடந்த உடனே இழுத்தால், நம் கப்பல்கள் நிற்கிற இடத்தில் விழலாம்.

தலைமையகத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து காரணம் தேடுகிறார்கள். எனக்குத் தேட வேண்டியதில்லை.

08:20

ஆணி அடித்தது நான்.

எங்கள் ஊர்ப் பக்கம் இயக்கியைப் பிடித்து வைக்க மரத்தில் இரும்பாணி அறைவார்கள். அறைந்தவனை விட்டு அவள் போக முடியாதாம். நான் எம்.எஸ்ஸி. படித்தவன். இதைச் சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தவன். ஆனால் போன மாதம் பயிற்சி விமானம் சரிந்து இறங்கியபோது அவள் மிதந்ததைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷத்தை என் பக்கத்தில் இருக்கும்போது அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. இவள் மேலே போனால் திரும்ப மாட்டாள் என்று பட்டது. நாலு நாள் முன்பு, தீவுக்குக் கிளம்பும் முன், வானொலியைச் சோதிக்கிற சாக்கில் கலத்துக்குள் போனேன். இருக்கையின் அடியில், இடது மூலையில், ஒரு செருப்பாணி. சுத்தியல் கூட இல்லை, ஸ்பானரால் அடித்தேன். என்னோடு கட்ட நினைத்தேன், இருக்கையோடு கட்டிவிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. இன்னும் முப்பத்து நாலு நிமிஷம்.

08:54. இரண்டாம் சுற்று

சொல்லவில்லை.

அலைவரிசையை எல்லோரும் கேட்கிறார்கள். சொன்னால் ராஜதுரோகம், ஜெயில். கல்யாணமும் அதோடு போச்சு. தலைமையகமே வேறு வழி கண்டுபிடித்துவிடும் என்று காத்திருந்தேன். அவர்கள் கண்டுபிடித்தது: "கைகளால் ஊன்றி எழ முயலவும்."

"ஊன்றிப் பாத்துட்டேன். கைதான் மேல போகுது. ஏன் இன்ஜினியரே, நீ ஏன் பேசாம இருக்க? சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். ஏழு நிமிஷத்தில் நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

09:35

சீ. என்ன பிறவி நான். அவள் அங்கே கிடந்து தவிக்கிறாள், நான் ஜெயிலை நினைக்கிறேன். அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார முடியவில்லை. அடுத்த சுற்றில் சொல்கிறேன். எழுதி வைத்துவிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

10:26. மூன்றாம் சுற்று

சொல்லிவிட்டேன். இருக்கையின் அடியில், இடது மூலையில், விரலால் தடவிப் பார்.

"ஏதோ சுடுது. இரும்பா? இங்க எப்படி இரும்பு வந்துச்சு? யாரு அடிச்சது?"

நான் என்றேன்.

ஒலிக் குமிழை முழுக்கத் திருகினேன்.

"எதுக்கு?"

நீ திரும்பி வராமல் போய்விடுவாயோ என்று பயம் என்றேன்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. வருவியான்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா வர்றேன்னு சொல்லியிருப்பேன். இத்தனை நாள்ல நீ கேக்கவே இல்லியே."

அப்புறம் சிக்னல் போய்விட்டது. இந்தச் சுற்றும் வீண்.

10:45

தலைமையகம்: "தணிகாசலம், பணியிலிருந்து நீக்கப்பட்டீர். கைது செய்யப் படகு கிளம்புகிறது. மாற்று ஆள் வரும்வரை கருவியை இயக்கவும்." நீக்கவும் செய்கிறார்கள், இயக்கவும் சொல்கிறார்கள். எனக்கு அதுவா இப்போது கவலை.

11:58. நாலாம் சுற்று

"பிடுங்கிட்டேன்."

குரலில் நடுக்கம். உள்ளங்கை வெந்துவிட்டதாம். துணி சுற்றித்தான் பிடுங்கினாளாம், அப்படியும். ஆணியைக் குப்பைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டாளாம்.

"இப்ப மிதக்கறேன். நெம்புகோல் மூக்குக்கு நேரா இருக்கு."

தலைமையகம் கத்தியது: "இழுக்கவும். உடனே இழுக்கவும்."

அவள் என்னிடம்தான் பேசினாள்.

"இப்ப என்னைப் பிடிச்சு வைக்க இங்க ஒண்ணுமில்ல. இப்ப கேளு."

கேட்டேன். தாழை, வந்துவிடு, வருவாயா என்று கேட்டேன். பதில் வருவதற்குள் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டாள்.

13:05

இழுத்திருந்தால் இந்நேரம் கடலில் இருப்பாள். கப்பல்களிடமிருந்து தகவல் இல்லை. மேகமாம், தேடுகிறார்களாம்.

பதினோரு வருஷமாக இந்த வேலை. சிக்னல் வரவேண்டுமே என்றுதான் இத்தனை வருஷமும் காத்திருந்தேன். இன்று வரக் கூடாது என்று காத்திருக்கிறேன். 13:30க்கு இரைச்சல் மட்டும் கேட்டால் அவள் என்னிடம் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

13:30. ஐந்தாம் சுற்று

வந்தது.

"முத்துத்திட்டு. நீ கேட்டது காதுல விழுந்துச்சு. யோசிச்சேன். இன்னும் மனசு வரல."

கெஞ்சினேன். காற்று அரை மணிக்குத்தான் இருக்கிறது, கோபத்தைக் கீழே வந்து காட்டு, என்னை அடி, ஜெயிலுக்கு அனுப்பு, வேறு யாரையாவது கட்டிக்கொள், முதலில் இறங்கு என்றேன்.

"கோபம் இல்ல தணிகாசலம். அடுத்த சுற்றுலயும் கேளு. ஒருவேளை வருவேன்."

என் பெயரை அவள் சொன்னது இதுதான் முதல் தடவை.

14:00

காற்று தீர்ந்திருக்கும்.

8 செப்டம்பர், 16:10

படகு வந்தது. இரண்டு போலீஸ்காரர்கள். மாற்று ஆள் வரவில்லை, தேவையில்லை என்றார்கள். காற்று தீர்ந்த நேரத்தோடு தலைமையகம் அலைவரிசையைக் கேட்பதை நிறுத்திவிட்டதாம். தாழை இறந்துவிட்டதாக நேற்றே வானொலியில் இரங்கல் வாசித்தாகிவிட்டது. வடபுலமும் அனுதாபம் தெரிவித்ததாம்.

விலங்கை எடுத்தபோது மணி 16:06. ஒரே ஒரு நிமிஷம் பொறுங்கள் என்றேன். பொறுத்தார்கள். ஒலிபெருக்கியில் அவள் குரலைக் கேட்டார்கள். விலங்கை மேஜையிலேயே போட்டுவிட்டு ஓடினார்கள். படகு போகிற சத்தம் கேட்டது.

15 செப்டம்பர்

டீசல் கடைசிப் பீப்பாயில் முக்கால். அரிசி இல்லை. சுற்றுக்குச் சுற்று தொண்ணூற்றிரண்டு நிமிஷம். அதற்குமேல் தூங்க முடிவதில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் அதையேதான் சொல்கிறாள்: இன்னும் மனசு வரல, அடுத்த சுற்றுலயும் கேளு. குரலில் களைப்பில்லை. நடுவில் மூச்சு வாங்குகிற சத்தமும் இல்லை.

தேதி தெரியவில்லை

இதைப் படிப்பவருக்கு: ஜெனரேட்டர் நின்று ரொம்ப நேரமாகிவிட்டது. விளக்கு இல்லை. வானொலிப் பெட்டி செத்துக் கிடக்கிறது. அடுத்த சுற்றுக்கு நேரமாகிவிட்டது, எழுதுவதை நிறுத்துகிறேன். அவள் கூப்பிடுகிறாள். கேட்க வேண்டும்