கண்ணாடிக்கு உள்ளே வைத்த சந்தனம்

மைசூரு

அன்பு மகள் வினுதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை, போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் விஷயம்தான். நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அந்தக் கிழட்டுப் பெட்டிக்கு உயிர் வருவதற்குள் காபி ஆறிவிடுகிறது என்று நான் புலம்பியதைக் கேட்டு, லீவில் வந்த மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து பழசையெல்லாம் கழற்றிப்போட்டு, புது போர்டு, புது மெமரி, பக்கவாட்டில் கண்ணாடி வைத்த புதுப் பெட்டி என்று மாட்டிக்கொடுத்தாரே. வீட்டு மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரும் கையுமாகத் தரையில் உட்காருவதா என்று எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியாமல் நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன், இப்போது அதுவும் சேர்ந்து குத்துகிறது. நீங்கள் போன பிறகு ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் பழைய பெட்டியின் தகரத்தில் பொட்டு வைப்பேன், இந்த வருஷம் கண்ணாடி வழியே எல்லாம் தெரிகிறது, உழைக்கிறது உள்ளே இருப்பது, வெளியே பொட்டு வைத்தால் எப்படி என்று தோன்றியது. கண்ணாடியைக் கழற்றி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, பூவால் தண்ணீர் தெளித்து, அட்சதையும் போட்டேன். அப்பா வாசலில் ஸ்கூட்டருக்குப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. விஜயதசமியன்று சுவிட்சைப் போட்டால் அசைவே இல்லை.

எனக்குச் சந்தனத்தின் ஞாபகமே வரவில்லை. ஓடிக்கொண்டிருந்ததை மாப்பிள்ளை கிளறிக் கெடுத்துவிட்டார் என்று, விருந்துக்கு வந்த உன் அத்தை கிரிஜாம்பா முன்னால் நான்தான் ஆரம்பித்தேன். அப்பாவுக்குக் கேட்க வேண்டுமா, உடனே போன் போட்டு, “தெரிஞ்ச வேலையில கை வைக்கணும் மாப்ள, மாமியார் வீட்டுச் சாமான்லயா வந்து தொழில் கத்துக்கிறது” என்று கேட்டுவிட்டார். அதற்கு மாப்பிள்ளை, “தப்பு என்மேலதான் இருக்கும் மாமா, ஆகுற செலவை நான் அனுப்பிடுறேன்” என்றாராம்.

போன வாரம் கடைக்கு எடுத்துப் போனோம். அப்பா வண்டியை நிறுத்தப் போயிருந்தார். கடைக்கார ரியாஸ் திறந்து பார்த்து, உள்ளேயிருந்து மஞ்சள் அரிசியைப் பொறுக்கி மேஜைமேல் வைத்து, “பூஜை பலமா நடந்திருக்கு, நைவேத்தியம் மட்டும்தாம்மா பாக்கி” என்றார். தண்ணீர் இறங்கி போர்டு போய்விட்டதாம். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அதைவிடக் கேவலம், அப்பா வருவதற்குள் அந்த அரிசியை முந்தானையில் வழித்துக்கொண்டு, அவரிடம் சொல்லிவிடாதே என்று ரியாஸைக் கெஞ்சினேன். வீடு வரும்வரை அப்பா மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன்.

பணம் அனுப்ப வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். இதை அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டு, எனக்காக நீ எதையும் பூசி மெழுகாதே. உகாதிக்கு அவர் வர வேண்டும், அதே இடத்தில் உட்கார்ந்து திறந்து பார்க்க வேண்டும், திரையை இழுக்க மாட்டேன். சாமுண்டித் தாய் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைக்கட்டும். தனிப் பார்சலில் சட்னிப்பொடி வருகிறது, ஈரக் கரண்டி போடாதே. இந்த உறையை ஒட்டாமல் அப்பாவிடம் கொடுத்துத்தான் தபாலில் போடச் சொல்லப்போகிறேன். எதையும் படிக்காமல் ஒட்டுகிற மனுஷர் இல்லை அவர், ஒட்டி வந்து சேர்ந்தால் அவருக்கும் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை முகத்தில் விழிக்க வெட்கப்படும் உன் அம்மா,
விமலாக்ஷி