ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராதாம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதப் போனேன், கை வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். எங்களிடம் இருப்பது ஒரே போன், அதுவும் அவர் சட்டைப் பையில். நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு, ஊர் ரொம்ப அழகும்மா, உங்கம்மா சின்னப் பொண்ணு மாதிரி நடக்கறா என்று அவரே எல்லாம் சொல்லி முடித்துவிடுகிறார்.

இந்த வெளிநாட்டு ஊரைச் சுற்றிப் பார்க்க நீ எடுத்துக் கொடுத்த அறை வசதிதான். இரண்டாவது மாடி, சின்ன அடுப்பு, ஒரு ஆள் திரும்ப இடம். அவருக்குப் பத்தியமாகச் சமைக்க வேண்டுமே என்று அடுப்புள்ள அறையாகத் தேடினாய், ஆனால் ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே சந்தை என்று உனக்கு எப்படித் தெரியும். வந்த அன்றே காய் வாங்கி, அவர் கிட்னிக்காக நாலு வருஷமாக வீட்டில் செய்கிற மாதிரியே நறுக்கி, இரண்டு மணி நேரம் ஊற வைத்துக் கொட்டி, வேக வைத்து அந்தத் தண்ணீரையும் கொட்டி, உப்பில்லாமல் தட்டில் வைத்தேன். இவ்வளவு தூரம் பறந்து வந்தும் அதே துவைச்சுப் போட்ட காய்தானா என்றார், சிரித்துக்கொண்டுதான். மறுநாள் காலையில் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று இறங்கினார். ஜன்னலில் பார்த்தால் சந்தைக்குள் நிற்கிறார். இங்கே கடைக்காரர்கள் ஒரு துண்டு வெட்டிக் கத்தி முனையிலேயே நீட்டுகிறார்கள், பிடித்தால் வாங்கலாம். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர், கூட்டத்தில் நுழைவதும் விரலைக் காட்டியே பேசுவதும் அவருக்குப் புதிதா என்ன. டிக்கெட் போடுகிற மாதிரி ஒரு கடை விடாமல் தக்காளி, முலாம்பழம், ஆரஞ்சு, பீச் என்று துண்டு துண்டாக வாங்கிப் போட்டுக்கொண்டே போகிறார். அதிலிருந்து தினமும் இதே கதைதான். கேட்டால், ஏண்டி, ருசி பாக்கறது சாப்பாட்டுல சேருமா, எந்த டாக்டர் சொன்னான் என்கிறார். உன்னிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். சொல்லேன், என் பொண்ணு என்னை ஊர் பாக்க அனுப்பினாளா, ஜன்னல் பாக்க அனுப்பினாளா என்று திருப்பிக் கேட்டார். உள்ளதைச் சொல்கிறேன், தக்காளிச் சாறு மணிக்கட்டில் வழிய அவர் நிற்கிறபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் நீ. இந்த நாலு வருஷத்தில் பசிக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, இங்கே விடிந்ததும் பசிக்கிறது என்கிறார்.

ஆனால் முந்தாநாளிலிருந்து கால் வீங்கியிருக்கிறது. செருப்பு வார் மாட்டவில்லை, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. மாடி ஏற இரண்டு இடத்தில் உட்காருகிறார். காயிலும் பழத்திலும் இருக்கிற பொட்டாசியம் கிட்னி வழியாகப் போகாமல் இரத்தத்தில் தங்கிப்போனால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று கிளம்பும் முன் டாக்டர் சொன்னதை நீயும் போனில் கேட்டாய். இங்கே ஒரு டாக்டரிடம் போகலாம் வாங்க என்றால் நல்லா இருக்கிறவனை நோயாளி ஆக்காதே என்று கத்துகிறார். அவர் படியில் உட்காரும்போது நான் ஒரு படி கீழே நின்றுகொள்கிறேன், விழுந்தால் பிடிக்கத்தான். என்னைப் போல இரண்டு மடங்கு ஆள், எதைப் பிடிக்கப் போகிறேன்.

நேற்று மத்தியானம் அவர் தூங்கும்போது தனியாக இறங்கிப் போனேன். நம் ஊர்க் கடையிலேயே தரையைப் பார்த்துக்கொண்டு விலை கேட்கிறவள் நான், உனக்குத் தெரியாததா. பழக்கடையில் தொப்பி போட்ட ஒரு அம்மா இருக்கிறாள், அவள்தான் இவருக்கு அதிகம் வெட்டிக் கொடுப்பவள். அவளிடம் எங்கள் ஜன்னலைக் காட்டி, கிட்னி என்று என் இடுப்பைத் தட்டி, கால் வீங்கினதைக் கையால் காட்டி, அவருக்குப் பழம் கொடுக்காதே என்று தலையை ஆட்டிக் கும்பிட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புரிந்துகொண்டாள் என்று எனக்குப் பெரிய நிம்மதி. அவள் திரும்பிப் பக்கத்துக் கடைகளுக்கு என்னவோ கூவினாள். ஒருத்தர் ஆரஞ்சோடு வருகிறார், ஒருத்தர் தக்காளியோடு வருகிறார், இவள் ஒரு பை நிறையப் பீச் பழத்தைப் போட்டு என் கையில் திணித்து, காசை நீட்டினால் கையை மடக்கி விடுகிறாள். அந்த மனுஷனுக்கு உடம்பு சரியில்லை என்கிறது மட்டும் புரிந்திருக்கிறது. வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்ட ஆட்ட, கூச்சப்படுகிறேன் என்று நினைத்து இன்னும் இரண்டு போட்டார்கள். தடுக்கப் போனவள் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மாடிக்குக் கொண்டுபோகப் பயம், கொடுத்தவர்கள் கண்ணெதிரே எறியவும் மனசு வரவில்லை. சந்தைக்குப் பின்னால் குழாயடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நானே ஒன்றைக் கடித்தேன். அவர் தட்டில் விழுகிறதுதானே நாலு வருஷமாக என் தட்டிலும், அவரை எதிரே வைத்துக்கொண்டு தனியாக ருசியாகச் சாப்பிட என்னால் ஆனதில்லை. ஒரு கடிதான், சாறு முழங்கை வரை ஓடியது. திருடி மாதிரி நாலு பழம் தின்றேனடி. மீதியைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்தவள் ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டேன், ஏன் என்று கேட்காதே. மேலே போனால் விழித்திருந்தார். என் கை வாசனை அவருக்குத் தெரியாமல் இருக்குமா. தோலைச் சீவிப் பாதி வெட்டி நானே கொடுத்தேன். நீ சாப்பிடலையா என்றார். ஆச்சு என்றேன்.

அவரைத் திட்டி எழுது என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இது உன் கைக்கு வருவதற்குள் நாங்கள் ஊர் திரும்பிவிடுவோம். இப்போதும் வாசலில் நின்று செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு, வரியா இல்லையா என்று குரல் கொடுக்கிறார். தனியாக விட முடியாது, போகிறேன். ஊர் போய் இரண்டாவது திங்கட்கிழமை இரத்தப் பரிசோதனை. முடிவு உன் போனுக்குத்தான் முதலில் வரும் என்றாய். எந்த நம்பர் வந்தாலும் அவரிடம் சத்தம் போடாதே. அதில் பாதிப் பழம் நான் கொடுத்தது.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், வேறென்ன கேட்கப் போகிறேன். வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே. அந்தத் திங்கட்கிழமை மட்டும் போனை அணைத்து வைக்காதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா