அமாவாசையன்று தறி நின்றபோது

24-5-68, வெள்ளி
கத்திரி வெயில். ஓட்டின்மேல் தோசை சுடலாம். சுட்டேன், பன்னிரண்டு. இதை எவனும் நம்பமாட்டான். இனி எழுதப்போவதையும் நம்பமாட்டான். ஐந்து வயதாகியும் பேசாத அக்காள் மகள் செல்வியை, பள்ளிக்கூடம் திறப்பதற்குள், தாய்மாமனாகிய நான் பேசவைக்கப்போகிறேன். சத்தியம்.
பருப்பில் கல் பொறுக்கினோம். ‘கல்’ என்றேன், லட்சம் தடவை. கல்லை எடுத்து என் கையில் வைத்தாள். கலெக்டர் மூளை! பேச்சு, இல்லை.
அக்கா: “நீ வாய மூடினாத்தானேடா அது தொறக்கும்?”

25, சனி
சாயநூலை நிறம் பிரித்தாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், ஒன்றும் பிசகவில்லை. வீட்டில் மூன்று தறியும் ஓட, ‘பச்சை!’ என்று நான் கத்தியதில் பெருமாள் கோயில் கோபுரம் இரண்டடி நகர்ந்தது. என் வாயையே பார்த்தாள்.
எதிர்வீட்டம்மா: “கவலப்படாதப்பா. எங்க பெரியவன் ஆறு வயசுல தொறந்தான். இன்னும் மூடல.”

27, திங்கள். அமாவாசை
தறிக்கு விடுமுறை. வழக்கமாக எல்லாரும் கோயில், சினிமா என்று கிளம்பிவிடுவோம். இன்று மச்சானுக்குக் காய்ச்சல், வீட்டிலேயே.
செல்வி அண்டாவில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. அக்கா கூப்பிட்டாள். தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்தேன். பூனை ஓடிற்று. செல்வி மொண்டுகொண்டே இருந்தாள்.
தறிச் சத்தத்தில் இந்த வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. தோளைத் தட்டுவோம், கையால் காட்டுவோம். அவளும் அப்படியே. ஐந்து வருஷமாக.
அக்கா சொம்பைப் பிடித்தபடி: “தாலாட்டெல்லாம் பாடிக்கினு இருந்தேனேடா…”

29, புதன்
டாக்டர்: “காது கேக்காதது பொறந்ததுலேருந்தே இருக்கும்மா. மருந்து கெடையாது.” மெட்ராஸில் இத்தகைய பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டாம். அங்கேயே தங்கவேண்டும்.
பஸ்ஸில் மச்சான்: “ராத்திரி முழிச்சிக்கினா அது யாரக் கூப்புடும்பா?”
டிக்கெட்டை எட்டாக மடித்தேன்.
அக்கா அடுப்பே மூட்டவில்லை.

30, வியாழன்
செல்வி பேசிவிட்டாள்! தலைவாரும்போது, “மாமா, மெதுவா” என்றாள். ஊர் மணியெல்லாம் தானாக அடித்தது. அக்கா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள்.
பொய்.
தலை வாரினேன். வாரும்போது எப்போதும்போல் புளுகிக்கொண்டிருந்தேன், கோயில் யானையை வாலைப் பிடித்து இழுத்த கதை. அவள் திரும்பி, அதிர்ந்துகொண்டிருந்த என் தொண்டையில் கை வைத்தாள். நிறுத்தினேன். தட்டினாள். மறுபடி சொன்னேன். நிறுத்தினேன். தட்டினாள்.
அந்தத் தட்டு மட்டும் நிஜம்.